கருப்பு நாடா

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

மலைச்சாலையில் மண் சரிந்தால் உடனே போய் உதவ ஒரு மருத்துவக் குழு சேர்த்திருக்கிறோம். இன்று காலை போடியில் அதற்கு ஒத்திகை. ஏலக்காய் மூட்டை ஏற்றும் என் வண்டிகளைக் கொடுத்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு என்று நாடாக்களையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

அடிபட்டவளாக நடிக்க என் மனைவி பாக்கியம் தரையில் படுத்திருந்தாள். குழுவை நடத்தும் டாக்டர் எங்கள் மகன் செந்தில். குனிந்து அவள் மூச்சைப் பார்த்தான். கருப்பு நாடாவை மணிக்கட்டில் கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

"ஏலே, ஆத்தாள அங்கன போட்டுட்டு எங்கடா போற?" என்று கத்தியேவிட்டேன்.

"கருப்புன்னா பொழைக்க மாட்டாகன்னு அர்த்தம்ப்பா. அவுககிட்டயே நின்னா, பொழைக்க வேண்டிய மத்தவுகளும் போயிருவாக."

"நெசமாவே ஒங்காத்தா கெடந்தா?"

அடுத்த நாடாவைக் கையில் எடுத்தான். "அப்பவும் கருப்புதான்ப்பா."

பாக்கியம் படுத்தபடியே சிரித்தாள். "செத்தவ முன்னால சண்ட போடாதீக. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலக்காய் தரம் பிரிக்கும்போது கழிவை ஒதுக்க நான் ஒருநாளும் தயங்கியதில்லை. மனிதர்களையும் அப்படிப் பிரித்துப் பழகவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் செந்தில் பாக்கியத்தின் கையை மடியில் வைத்து, இன்னும் அவிழ்க்காமல் கிடந்த நாடாவை அவிழ்த்தான். காலையில் ஒரே இழுப்பில் கட்டியவனுக்கு, அவிழ்க்க வெகுநேரம் ஆனது.