அத்திமரத்தைப் படுக்கவைத்தாயிற்று

ஸ்கிரான்டன்,
நவம்பர் 3

அன்பு மகன் தொனாத்தோவுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைக் கேட்காதவரை நான் சுகம்தான், அதைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். நீயும் யொலாந்தாவும் அந்த அரிசோனா வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது, காலையில் புல்மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. நேற்று கல்லறைத் திருநாள், அப்பாவுக்குத் தோட்டத்துச் சாமந்தியை வெட்டிக் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்துக் கல்லறைக்குப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே வந்திருந்தது, எனக்கு என் கைப்பைதான் துணை. உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். இரண்டு பேருக்குச் சமைத்தே பழகிய கை, இன்னமும் மக்ரோனியை அதிகமாகத்தான் போடுகிறது, மறுநாளும் அதையே சூடு பண்ணித் தின்கிறேன். சில நாள் பகல் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு மாலையில் ரொட்டிக் கடைக்குப் போய் வாயைத் திறந்தால் என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது.

போன வாரம் போனில் நீ சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடு, குளிர்காலம் முழுக்க எங்களோடு இரு, பிடித்துப்போனால் வீட்டை விற்றுவிட்டு அப்படியே தங்கிவிடலாம் என்றாய். பெற்றவளுக்குக் கேட்க இதமான பேச்சுதான். அப்பாவின் அத்திமரத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "அத விட்டுத் தள்ளும்மா, அந்தக் கட்டைக்காக யாராவது குளிர்ல கெடந்து சாவாங்களா, இங்க நர்சரியில கன்னுக்கா பஞ்சம்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து யொலாந்தா கூப்பிட்டாள். "அத்தை, உங்க புள்ள பண்ற கூத்தக் கேளுங்க, நீங்க குடுத்தனுப்பின அத்திச் செடிக்குக் கம்பளியச் சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக்கச் சுத்தி, தலையில வாளியக் கவுத்து வெச்சிருக்காரு, வெளிய நின்னா வேர்த்து ஊத்துது, தெருவே சிரிக்குது" என்றாள். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு அழுதேன். கட்டையை விட்டுத் தள்ளு என்றவன், அப்பா ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்த குச்சிக்கு, சின்னக் கன்றுகளுக்கு அப்பா செய்கிற மாதிரியே வாளி கவிழ்த்திருக்கிறாய். உன்மேல் இருந்த கோபமெல்லாம் அதோடு போய்விட்டது.

ஆனால் அந்தக் கம்பளியை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவிழ்த்துப் போடு. உன் ஊர் வெயிலில் செடி உள்ளேயே வெந்து பூசணம் பிடித்துவிடும். அங்கே அத்தி நின்றபடியே குளிரைத் தாண்டிவிடும், தண்ணீரை மட்டும் குறைத்துக்கொள். என்றைக்காவது ராத்திரி பனி விழும் என்று ரேடியோவில் சொன்னால் எலுமிச்சைக்கு மட்டும் ஒரு பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்து, விடிந்ததும் எடுத்துவிடு. பூண்டை இங்கே ஊன்றி வைக்கோலை மேலே மூடிவிட்டேன், மீதியைக் குளிர் பார்த்துக்கொள்ளும். உனக்கு அந்தக் குளிர் இல்லை, சில வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து ஊன்று. டாலியாப் பூச்செடியின் கிழங்கை நான் தோண்டி உலர்த்தி மரத்தூளில் புதைத்து நிலவறையில் வைத்திருக்கிறேன், யொலாந்தாவின் செடியைத் தோண்டவே வேண்டாம். பட்டாணி, கீரை, பெரிய அவரை எல்லாம் இப்போதே விதைத்துவிடு, உன் ஊரில் இந்த மாதம்தான் தோட்டம் கண் விழிக்கிற மாதம். நான் பனி உறையாத கலாப்ரியாவிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த வருஷம், அங்கே செய்கிற மாதிரியே நவம்பரில் அவரையை ஊன்றிவிட்டு முளைக்கும் முளைக்கும் என்று ஜன்னலில் நின்றேன், அத்தனையும் உறைந்து அழுகிப்போயிற்று. ஆள் ஊர் மாறினாலும் கை மாறுவதற்கு நாளாகிறது. அதனால் வாளியைப் பார்த்து யார் சிரித்தாலும் நீ வெட்கப்படாதே.

இனி மரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். நீ விட்டுத் தள்ளச் சொன்னாலும் எனக்கு மனசு வரவில்லை. இந்தக் குளிரில் நின்றபடி விட்டால் பட்டுப்போகும், அப்பா வருஷாவருஷம் செய்தபடி மண்ணுக்குள் படுக்கவைத்தால்தான் பிழைக்கும். துணி காயப்போடும் கயிற்றால் கிளைகளைச் சேர்த்துக் கட்டினேன், மரத்தின் நீளத்துக்குக் குழி வெட்டினேன், நின்று நின்று வெட்டியதில் இரண்டு நாள் ஆனது. சனிக்கிழமை ஒரு பக்க வேரை அறுத்துவிட்டுத் தோள் கொடுத்துத் தள்ளினேன். பாதி சாய்ந்து, திரும்ப நிமிர்ந்து, என் கன்னத்திலேயே ஒன்று வைத்தது. ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும், இத்தனை வருஷமும் கயிறு என் கையில்தானே இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் புரோனிஸ்லாவ் வந்து நின்றார். அந்தப் போலந்துக்காரர் ஒவ்வொரு வருஷமும் மரத்தைப் படுக்கவைக்கிற நாளில் வந்து நின்று, "என்னய்யா சவேரியோ, யாரப் பொதைக்கிற" என்று கேட்பார், "எம் பொண்டாட்டியத்தான், சத்தம் போடாத" என்பார் உன் அப்பா, "ஆழமா வெட்டச் சொல்லுங்க, இல்லன்னா ஏறி வந்துடுவேன்" என்று நான் கத்துவேன். இந்த வருஷமும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார். திறந்தவர் அப்படியே நின்று தொப்பியைக் கழற்றினார். "கேளுங்க, கேக்காம இருந்தா இன்னும் கஷ்டமா இருக்கு" என்றேன். "பதில் சொல்றவன் இல்லாம என்னத்தம்மா கேக்குறது, கயித்த இப்பிடிக் குடு" என்று சொல்லிவிட்டு, அந்த வயசில் வேலி ஏறிக் குதித்தார். "இந்த முரட்டுக் கழுதைய அவன் தனியாவா தள்ளினான்" என்று திட்டிக்கொண்டே கயிற்றை இழுத்தார், நான் தள்ளினேன், மரம் முனகிக்கொண்டே படுத்துவிட்டது. பலகை, இலைமூட்டை, முன்னறைப் பழைய கம்பளம், அதன்மேல் மண். மே மாதம் அப்பாமேல் ஒரு தடவை மண் போட்டேன், இப்போது மரத்தின்மேல் ஒரு தடவை. இதையாவது வசந்தம் வந்தால் தோண்டி எடுக்கலாம் என்று நினைத்தேன், நினைத்ததும் தாங்க முடியவில்லை, புரோனிஸ்லாவ் எனக்காக அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மகனே, இந்த வீட்டில் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது. பயம் இல்லை, ஆனால் தனியாக இருக்கிறேன், அதை உன்னிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மரம் படுத்துவிட்டது, குளிர்காலம் முடிகிறவரை அதற்கு நான் தேவையில்லை. அதனால் வருகிறேன். ஆனால் அங்கேயே தங்குகிற பேச்சை இப்போது எடுக்காதே. ஏப்ரலில் மரத்தைத் தோண்டி எழுப்பாவிட்டால் அது மண்ணுக்குள்ளேயே துளிர்விட்டு, வெளிச்சம் தேடி வெளிறிப்போய், கடைசியில் அழுகிவிடும். படுக்கவைப்பதற்கு ஒரு நல்ல மனுஷர் கிடைத்தார், அவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. எழுப்புவதற்கு அவரை நான் கூப்பிட மாட்டேன்.

தேவமாதா உங்கள் இருவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கைபட்டதெல்லாம் துளிர்க்கட்டும். யொலாந்தாவுக்கு என் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே: நான் வருவதற்கு ஒரு டிக்கெட் எடு, திரும்பி வருவதற்கு இரண்டு எடு.

உன் அம்மா,
நுன்ஸியாத்தா