ஜெனோவாவுக்குப் பதினொரு நாள்

மார்ச் 4

காலையில் பல் மருத்துவர். பற்கள் என்னைவிட நீண்ட நாள் இருக்கும் என்றார். பாராட்டாகத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

மாலையில் தோழி ஒட்டிலி வீட்டில் காப்பி. அவளுக்குப் பக்கவாதம் வந்து பதினாறு மாதமாகிறது. இடது கால் இன்னும் அவள் பேச்சைக் கேட்பதில்லை, சக்கர நாற்காலிதான். இத்தாலியில், ஜெனோவாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் எமிலுக்குத் தொண்ணூற்றொரு வயது. பார்த்து ஆறு ஆண்டாயிற்று.

"அவன் போறதுக்குள்ள ஒரு தடவ நேர்ல பாத்துடணும்டி. நான் போறதுக்குள்ளயும்தான். யார் முந்துவோம்னு தெரியல."

விமானத்துக்கு மருத்துவர் தடை. கணினித் திரையில் பார்த்துக்கொள்ளலாமே என்கிறான் அவள் மகன் ரைன்ஹார்ட். ரயிலில் போகலாம் என்றேன். நானும் வருகிறேன், திட்டம் என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

எங்கள் ஊரான ஃப்ரைபுர்கிலிருந்து ஜெனோவாவுக்கு மற்றவர்கள் ஒரே பகலில் போய்விடுவார்கள். என் திட்டத்தில் ஒன்பது நாள். லுசெர்னில் மூன்று இரவு, லுகானோவில் மூன்று, மிலானில் இரண்டு. காலை பத்து மணிக்கு முன் எந்த ரயிலும் கிடையாது. நீண்ட சுரங்கத்தில் பாயும் விரைவு ரயிலும் வேண்டாம். பழைய மலைப்பாதையில்தான் போகப்போகிறோம். இருட்டைப் பார்க்கவா இத்தனை தூரம்?

நிலைய வரைபடங்களைத் தருவித்து, நடைமேடைகளுக்கு இடையிலான தூரத்தை அளவுகோலால் அளந்தேன். நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு மலைப்பாதை வரைபடங்கள் வரைந்தவளுக்கு இது விளையாட்டு. எங்கள் மலைநடைக் கழகத்தின் விதி: மணிக்கு நான்கு கிலோமீட்டர். அந்தக் கணக்கில், முதல் மாற்றமான பாஸலில் ரயில் மாற ஐந்து நிமிடம் போதும். நாற்காலியை முன்னிட்டுப் பதினான்கு ஒதுக்கினேன். தாராளம்.

மார்ச் 17

ரைன்ஹார்ட் தீயணைப்புத் துறையில் அதிகாரி. ஒத்திகை பார்க்காமல் பிறந்தநாள் மெழுகுவத்தியைக்கூட ஏற்ற மாட்டான்.

"பாஸல் வரைக்கும் ஒரு ஒத்திகை போவோம் அத்தை. அங்க ரயில் மாறி அடுத்த ஊர் வரைக்கும். ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் ஜெனோவா கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

மார்ச் 20

நிலைய உதவிக்கான படிவம். பயணி ஒருவருக்கு ஒரு பக்கம். 'உதவியின்றிப் படியேற இயலுமா?' ஒட்டிலிக்கு 'இல்லை'. எனக்கு 'ஆம்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். அடிக்கோட்டை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 29

ஒத்திகை.

பாஸலில் சரிவுப்பலகையோடு ஊழியர் காத்திருந்தார். ஒட்டிலி அரசியைப் போல இறங்கினாள். மின்தூக்கியில் நாற்காலி, ரைன்ஹார்ட், ஒரு குழந்தைவண்டி, இரண்டு சைக்கிள்கள். எனக்கு இடமில்லை. நீங்கள் போங்கள், நான் படியில் வருகிறேன் என்றேன்.

முப்பத்தெட்டுப் படிகள். இருபத்து நான்காவதில் கைப்பிடியைப் பற்றி நின்றேன். இயற்கைக் காட்சி எதுவும் அங்கில்லை. மூச்சு வாங்கியதால் நின்றேன். மேலே நடைமேடை, அதன் மறுகோடியில் எங்கள் ரயில்பெட்டி. நான் பாதி தூரம் வந்தபோது கதவு மூடிற்று. கண்ணாடிக்குப் பின்னால் ரைன்ஹார்ட் கடிகாரத்தைப் பார்த்தான். ஒட்டிலி கையசைத்தாள்.

மார்ச் 30

மழை. என்னத்த எழுத.

மார்ச் 31

ஒட்டிலி தொலைபேசியில்: "ஏண்டி, என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி என்னைத் தனியா அனுப்பிட்டியே!" இரண்டு நிமிடம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரைன்ஹார்ட் முடியாதுன்னு சொல்லிட்டான்" என்றாள்.

ஏப்ரல் 2

நேரில் போனேன். நான் கூடத்தில், அவர்கள் சமையலறையில்.

"தவறவிட்டது நான் இல்லையேடா!"

"அதான் பிரச்சனையே அம்மா. வழியில உன்னை யாரு பாத்துப்பா? அத்தையையே ஒருத்தர் பாத்துக்கணும்."

என் செவிகளில் ஒரு குறையும் இல்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டே கிளம்பினேன்.

இவ்வளவு நாள் யாருக்காகத் திட்டம் போட்டேன்? அவளுக்காக. நான் யார் அதில்? வழிகாட்டி. வழிகாட்டியைத் தூக்கிக்கொண்டு போக யாரை நியமிப்பது?

ஏப்ரல் 4

எங்கள் கட்டடத்தின் தாழ்வாரம் இருபத்தாறு மீட்டர். கடிகாரத்தோடு பத்து முறை நடந்தேன். ஆறாவதற்குப் பின் சுவரில் சாய வேண்டியிருந்தது. அந்த நேரத்தையும் நேர்மையாகச் சேர்த்தேன். மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். கழகத்தின் விதியை வகுத்தவர்கள் நாற்பது வயதுக்காரர்கள். வகுத்த குழுவில் நானும் இருந்தேன்.

ஏப்ரல் 6

முழுத் திட்டத்தையும் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். எந்த ரயில் மாற்றத்துக்கும் ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது. லுசெர்னிலும் மிலானிலும் ஓர் இரவு கூடுதல். பதினொரு நாள்.

பிறகு உதவி மையத்துக்குத் தொலைபேசினேன்.

"நாற்காலி உங்களுக்கா மேடம், கூட வர்றவங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்போ உதவிக்கு யாரு வர்றாங்க?"

"நீங்கதான்" என்றேன். "அதுக்குத்தானே கூப்பிட்டேன்?"

மறுமுனையில் தட்டச்சு ஓசை தொடங்கியது.

ஏப்ரல் 19

இரண்டாம் ஒத்திகை. புதுத் திட்டத்தைக் காட்டியதும் ரைன்ஹார்ட் இதற்கு இணங்கியிருந்தான். இரண்டு நாற்காலிகள், இரண்டு ஊழியர்கள். பாஸலில் முப்பத்தொரு நிமிடம் மிச்சம். மூவரும் கேக் சாப்பிட்டோம். ரைன்ஹார்ட் என் திட்டத் தாளில் 'சம்மதம்' என்று கையொப்பமிட்டான். என்னிடம் ஏதோ சொல்ல வந்தான். கேக் உலர்ந்திருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். உலர்ந்துதான் இருந்தது.

செப்டம்பர் 12, ஜெனோவா

பிற்பகல் வந்து சேர்ந்தோம். தூக்கி மேடையில் முதலில் ஒட்டிலியை இறக்கினார்கள், அடுத்து என்னை.

எமில் நடைமேடையில் நின்றிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் பூங்கொத்து. ஒட்டிலி எழ முயன்றாள், அவர் குனிய முயன்றார், இரண்டும் பாதியிலேயே நின்றன. நெற்றியோடு நெற்றி வைத்து இருவரும் உரக்க அழுதார்கள். நான் பெட்டிகளை எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன்.

பிறகு எமில் பூங்கொத்தை என்னிடம் நீட்டினார்.

"இது உங்களுக்குத்தாங்க. 'அம்மாவைப் பத்திக் கவலை இல்ல மாமா, கூட வர்றவங்களைக் கொஞ்சம் பாத்துக்கோங்க'ன்னு ரைன்ஹார்ட் எழுதியிருந்தான்."

ஒட்டிலி சிரித்த சிரிப்பில் இரண்டு ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எமில் ஊன்றுகோலை என் நாற்காலியின் பின்புறம் மாட்டிவிட்டுத் தள்ளத் தொடங்கினார். தொண்ணூற்றொரு வயது. மறுக்க வாயெடுத்தேன். பிறகு பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, மின்தூக்கி இடப்பக்கம் என்று மட்டும் சொன்னேன்.