செவ்வாய்க்கிழமைச் சட்டை

அம்மாவின் பாதங்களில் தலை வைத்து வணங்குகிறேன். இருமல் தணிந்ததா? எனக்குச் சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் குறையில்லை. பாங்காக்கில் மழைதான் விடவில்லை.

ஒரு வேடிக்கை கேளுங்கள். படங்களுக்கு நிறம் திருத்தும் எங்களுக்கு, திரையில் தெரியும் எந்த நிறமும் மூன்று எண்கள்தான்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. மூன்றும் சமமானால் சாம்பல் நிறம். நம் வீடியோ கால்களில் நான் எடுத்துவைத்த உங்கள் படங்களை, ஆபீஸில் பக்கத்து மேசை தீரபட் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, அம்மா இப்படி வெளுத்துட்டாங்க?"

"அம்மாவோட போன் பழசு. அப்படித்தான் காட்டும்."

"போன் மேல பழி போடாதீங்க. எல்லாமே செவ்வாய்க்கிழமை எடுத்தது, எல்லாத்துலயும் அதே ரோஸ் சட்டை. போன் கோளாறுன்னா அதுவும் வெளுத்திருக்கணும். அதோட எண்ணைப் பாருங்க."

பார்த்தேன். கிழமைக்கொரு நிறம் உடுத்தும் நம் வழக்கத்தில் செவ்வாய்க்குரிய அந்த ரோஸ், புத்தாண்டிலிருந்து மாறவே இல்லை. உங்கள் முகத்தில் மட்டும் சிவப்பு வாராவாரம் இறங்கி, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது. விடுப்பு கேட்கத் தயங்கிக்கொண்டு, இத்தனை நாள் போனைக் குறை சொன்னவள் நான்தான் அம்மா.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். மிளகாய்த் துவையல் அனுப்ப வேண்டாம். என் போர்வையை வெயிலில் போட்டுவையுங்கள். பஸ் டிக்கெட் வாங்க ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை அதே சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், முகத்துக்குப் பவுடர் மட்டும் பூசாதீர்கள். அன்றைக்குப் போன் வராது.

உங்கள் மகள்,
வரன்யா