இரண்டாம் சாட்சி

கரமனை, திருவனந்தபுரம்
9 ஜூன் 2024

அன்பு மகள் ராகேலுக்கு அப்பா எழுதுவது.

மக்களே, நம்பமாட்டாய், இது என் சொந்தக் கையெழுத்து! எழுபத்தாறு வயதில். பக்கத்து வீட்டு அஜிதா டீச்சர் ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்கியபோதுகூட இப்படி வியர்த்ததில்லை. எழுதும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. பேத்தி அஸ்வதி பார்த்துச் சிரிக்கிறாள். மஸ்கட்டில் நீ இதைப் பிரிப்பாய் என்று நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உன் மகள் சுகம். ஒரு இடத்தில் நிற்பதில்லை. நேற்று மதில்மேல் நடந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு வலிப்பு வரவில்லை. காலையும் ராத்திரியும் மாத்திரை நானே கொடுக்கிறேன். போதகருக்கு ரொம்ப சந்தோஷம். "ஞானையா, கர்த்தர் பிள்ளைய சுகமாக்கிட்டார். முப்பதாம் தேதி சபையில எழும்பி சாட்சி சொல்லணும். அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். அன்றைக்கு ராத்திரியும் நான் மாத்திரை கொடுத்தேன்.

ஒன்று சொல்கிறேன், பயப்படாதே. அவள் முற்றத்தில் ஓடும்போது எனக்கு இரண்டு பேர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் அவள் மட்டும்தான்.

அப்பா
ஞானையன்


மஸ்கட்
19 ஜூன் 2024

என் அன்பு அப்பா,

உங்கள் கடிதத்தை வார்டில் மற்ற நர்ஸுகளிடம் எல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கையால் எழுதிய அப்பாவுக்கு எழுத்தில்தான் பதில்.

சாட்சி சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வருஷமாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் அவர்தான் முடிவு செய்வார்.

அஜிதா டீச்சர் போனில் இன்னொன்று சொன்னார். அஸ்வதியின் இடுப்பில் துவர்த்துத் துண்டைக் கட்டி ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களாமே? "விடு அப்பூப்பா, நான் என்ன ஆடா?" என்று அவள் கத்துவது தெருவரை கேட்கிறதாம். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லையாம். அவள் ஓடலாம், விளையாடலாம். தண்ணீரிலும் உயரத்திலும் மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிறகு எதற்குப் பயப்படுகிறீர்கள்? முடியவில்லை என்றால் சொல்லுங்கள், ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறேன். அவளுடைய அப்பா விட்டுப்போன பிறகு எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மகள்
ராகேல்


கரமனை
2 ஜூலை 2024

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பினேன். போதகர் மைக்கைத் தந்தார். காகிதத்தை எடுத்து எழுத்து எழுத்தாக வாசித்தேன். அதையே உனக்கும் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக வாயால் சொல்ல முடியவில்லை.

உன் அண்ணன் அனில் காய்ச்சலில் சாகவில்லை. அவனுக்கும் வலிப்பு இருந்தது. பெரும்பாலும் உறக்கத்தில்தான் வரும், அதனால் உனக்குத் தெரியாது. வெளியே தெரிந்தால் நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று மறைத்தோம். மாத்திரை கொடுத்து நாலு மாதம் வராமல் இருந்தது. நான் சபையில் சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா மாத்திரையும் தண்ணீரும் எடுத்தாள். "சுகமாயிட்டான்னு சொல்லிட்டு வந்து மாத்திரை குடுத்தா, கர்த்தரப் பொய்யனாக்குற மாதிரி" என்று நான்தான் தட்டிவிட்டேன்.

பதினோராம் நாள் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். நான் படியில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். சத்தமே வரவில்லை மக்களே. திரும்பினால் தண்ணீர் மட்டும் இருந்தது. கரையில் வேறு யாரும் இல்லை, ஊருக்கும் காய்ச்சல் என்றே சொன்னோம். ஒன்பது வயது. இப்போது அஸ்வதிக்கும் ஒன்பது.

வாசித்து முடித்தபோது ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே துவர்த்தை அவிழ்த்துவிட்டேன். அவள் பள்ளிக்கூடம் போகிறாள். முற்றத்தில் இப்போதும் இரண்டு பேர்தான் ஓடுகிறார்கள். அந்தச் சத்தம் போகவேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை.

அவளை என்னிடம் விட்டுவைப்பதா வேண்டாமா, நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அப்பா


மஸ்கட்
29 ஜூலை 2024

அப்பாவுக்கு,

அந்த வாரம் எனக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது. பாறசாலையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. காய்ச்சல் என்றீர்கள். போவதற்கு முந்தின நாள் அவனும் நானும் ஒரே தம்ளரில் காப்பி குடித்திருந்தோம். என் காய்ச்சல்தான் அவனுக்கு ஒட்டிவிட்டது என்று நினைத்தேன். ஏழு வயதுப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்பேன்? நர்ஸ் படிக்கப் போனதும் அதனால்தான். அஸ்வதிக்கு முதன்முதலாக வலிப்பு வந்தபோது, நான் அண்ணனுக்குச் செய்தது என் பிள்ளைக்குத் திரும்புகிறது என்றுதான் பட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அஸ்வதி அங்கேயே இருக்கட்டும். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாத ஆள் உங்களைப்போல் எனக்கு வேறு கிடைக்கமாட்டார். தினமும் கூப்பிடுவேன். போனை அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

எனக்குக் கொஞ்ச காலம் கடிதம் எழுத வேண்டாம்.

ராகேல்