வீடு பார்க்க வந்த பிள்ளை

கல்முனை

அன்பு மகன் ஸப்ரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், தோஹா வெயிலில் நீ வாடிப் போகாமல் இருக்க ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். தங்கச்சி றிஸ்னாவும் இப்போது சுகம்தான், முழுவதும் வாசித்துவிட்டுப் போன் எடு, இடையில் எடுத்துக் கத்தாதே.

றிஸ்னாவுக்குச் சம்பந்தம் கொண்டுவந்த பரீனா சாச்சி, மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை, ஒரு நாளைக்குத் தனியாக வந்து சீதன வீட்டைப் பார்ப்பார் என்று சொல்லியிருந்தாள். மழை விட்ட கையோடு ஒரு பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கந்தோரில இருந்து வாறன் மாமி, வீட்டப் பாக்கணும் என்றார். மாமி என்றும் கூப்பிட்டுவிட்டார், எனக்கு வேறென்ன வேண்டும். வாப்பா சாரன் மாற்ற ஓடினார், நான் வட்டிலப்பம் எடுக்க ஓடினேன். அவர் உட்காரவே இல்லை, வளவுக்குள் போய்த் தேங்காய்ச் சிரட்டைகளைப் புரட்டினார், ஏணி கேட்டு ஏறிக் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைப் பார்த்தார். கவனமான மாப்பிள்ளை என்று வாப்பாவுக்கு ஒரே பெருமை, ஏணிக்குக் கீழே நின்று, வீட்டை றிஸ்னாட பேருக்கே எழுதுவம் என்றார். ஆருட பேருல இருந்தாலும் தண்ணி நிக்கப்படாது என்றார் அவர். நல்ல கொள்கை என்றார் வாப்பா.

பிறகு குசினிக்குள் வந்து பிரிஜ்ஜைத் தள்ளிப் பின்னால் டோர்ச் அடித்தார். பழசு என்று பார்க்கிறார் போல என்று, புதிசு வாங்கித் தருவம் மகன் என்றேன். பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு நிறைய நுளம்புக் குடம்பி புழுப் புழுவாய் நெளிந்தது, அப்படியொரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் ஆருக்கும் காய்ச்சலா என்று கேட்டார். றிஸ்னாவுக்கு முதல் நாளே உடம்பு கொதித்ததுதான், சம்பந்தம் கெட்டுவிடும் என்று பயந்து, காய்ச்சல் இல்ல, வெட்கம் என்றேன். அவர் அறை வாசலில் நின்ற அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்கத்துக்குக் கண் இப்படிச் சிவக்காது மாமி, நான் டெங்கு பாக்கிற சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., இப்பவே ரத்தம் சோதிக்கக் கொண்டு போங்க என்றார். நுளம்பு வளர விட்டதுக்குச் சிவப்பு நோட்டீசும் தந்தார், வட்டிலப்பம் தொடவில்லை.

டெங்குதான் மகன். இரத்தத்தில் பிளேட்லட் இறங்கிக்கொண்டே போனது, பிந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நேரம் பார்த்து உண்மையான மாப்பிள்ளை வந்தார். பிள்ளை ஆஸ்பத்திரியில் என்று வாப்பா சொல்ல, பரவாயில்ல, வீடு இரிக்கிதானே, அதப் பாத்திட்டுப் போறன் என்றாராம். வாப்பா கேட்டைப் பூட்டிவிட்டார்.

உன் அறையில் ஏசிக்குக் கீழே வாளி வைத்திருந்தால் தினமும் ஊற்றிக் கவிழ்த்து வை. அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். எனக்கு இப்போது ஒரு மாப்பிள்ளையும் வேண்டாம், பக்கத்து அறையில் உன் தங்கச்சி கஞ்சி வேண்டாமென்று என்னோடு சண்டை பிடிக்கிறாள், அதுவே போதும்.

உன் உம்மா
ஹாஜறா