மேனேஜர் போட்ட பிரியாணி

டிசம்பர் 2009, வியாழன்
ஷார்ஜா

ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்கா இன்னும் பட்டாளம் அனுப்புதாம். அந்தப் பட்டாளத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் போறது எங்க குடோன்ல இருந்துதான். ஆர்டர் கூடிடுச்சுன்னு மேனேஜர் நாய் இன்னைக்கு மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி போட்டான்.

லோடிங்ல நிக்கிற நசீர் பாய் காந்தகார்காரர். அமெரிக்காக்காரனுங்க போட்ட குண்டுல வீடும் போச்சு, தம்பியும் போயிட்டான். பிரியாணியோட என் பக்கத்துல உக்காந்து, "என்ன விசேஷம் பாய்?"ன்னு இந்தியில கேட்டார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரல. மேனேஜருக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்குன்னு சொல்லிட்டேன்.

மனுஷன் தட்டைக் கீழ வச்சுட்டு, அந்தப் பிள்ளை நீண்ட ஆயுளோட இருக்கணும்னு கையேந்தி துஆ செஞ்சார். அந்தப் பக்கமா வந்த மேனேஜர் என்ன ஏதுன்னு கேக்காமலே சிரிச்சுக்கிட்டு ஆமீன் சொன்னான். அடுத்த வார்த்தை, "யல்லா, சீக்கிரம் எழுந்திரு, லோடு நிக்குது."

பாய் பாதிச் சோத்துல லோடு ஏத்த எழுந்து போனார்.