உள்ளங்காலை யார் பார்ப்பது, மதினி?

வயதில் என்னைவிட ஆறு மாதம் சின்னவளாக இருந்தும், என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஒரே நாளில் எனக்கு மூத்தவளாகிப்போன கெட்டிக்கார மதினிக்கு,

முதலில் ஒரு திருட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் இடுப்பு பெல்ட்டை எடுத்தது நான்தான். பதினாறாம் நாள் விசேஷத்தன்று எல்லாரும் பந்தியில் இருந்த நேரம் பார்த்து, பீரோவுக்குப் பின்னால் தொங்கியதை எடுத்துச் சேலைக்குள் கட்டிக்கொண்டேன். கட்டிய கையோடு நானும் பந்தியில் உட்கார்ந்து வடையைக் கேட்டு வாங்கித் தின்றேன். அண்ணன் அதை இன்னமும் தேடுகிறார். உன் ஞாபகமாக வைத்துக்கொள்ளத்தானாம். நான் ஞாபகத்துக்கு எடுக்கவில்லை. வலிக்கு எடுத்தேன்.

உன் ஒட்டடைக்குச்சி இடுப்புக்கு வாங்கிய பெல்ட். என்னைச் சுற்றி வருவதற்குள் அதற்கு மூச்சு முட்டிவிடுகிறது. கொஞ்சம் பலமாக இருமினால் பர்ரென்று பிரிந்துகொள்கிறது. கம்பெனி வேனில் ஒருநாள் அந்தச் சத்தம் கேட்டு முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தவளை முறைத்தேன். பாவம், அவள் வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

நாளை மறுநாள் உனக்கு வருஷத் தெவசம். படம் போட்டு நோட்டீஸ் அடிக்கலாம் என்றார் அண்ணன். சிவகாசிக்காரனுக்கு அச்சடிக்கவா சொல்லித்தர வேண்டும்? அதில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார். ‘பாசமிகு குடும்பத்தார்’ என்று போடலாமா என்றார். அந்தப் பாசத்தைப் பற்றித்தான் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

இந்த வலி இருக்கிறதே மதினி, இதற்கு ஒரு மானம் ரோஷம் கிடையாது. காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முதலில் ஒருக்களித்து, பிறகு சுவரைப் பிடித்து, பிறகு எல்லாச் சாமியையும் கூப்பிட்டு, ஒருவழியாக நிமிர்ந்தால் வந்த வேலை மறந்துபோகிறது. சாயங்காலமானால் பாதம் இரண்டும் எரிகிறது. மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது. ஆனால் நிஜமாகவே நெருப்பு பட்டால் தெரியாது. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

நம்ம பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி வேலையால் உடம்பு கெட்டது என்றால் தீப்பட்டிருக்க வேண்டும். வெடி வெடித்திருக்க வேண்டும். அப்போதுதான் நாலு பேர் வருவார்கள், பேப்பரில் போடுவார்கள். மடக்கின காலை நீட்டாமல், குனிந்த தலை நிமிராமல், கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கி பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் வெடிக்குத் திரி வைத்து முதுகெலும்பு தேய்ந்தவளுக்கு யார் வருவார்கள்? நமக்குக் காயம் இல்லை. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதிலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. சிரித்துக்கொண்டே இருக்கிறவளுக்கு வலிக்காது என்று எவன் சொல்லி வைத்தானோ. கோவில்பட்டியிலிருந்து மகள் போனில் சொல்கிறாள், “நேத்து அம்புட்டு கேலி பேசுனியேம்மா, இன்னைக்கு வலிங்கிற?” என்று. வாய்க்கும் இடுப்புக்கும் ஒரே நரம்பா ஓடுகிறது?

இனி கம்பெனிச் சேதி. நான் இப்போது வேலைக்குப் போவதில்லை. அது எப்படி நடந்தது என்று சொன்னால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். பிறகு சிரிப்பதை நிறுத்துவாய்.

ரூமுக்குள் செருப்பு ஆகாது. வாசலில் கழற்றிவிட்டு, தண்ணீரில் காலை அலசிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு மணல் பரல் காலோடு உள்ளே வந்து வெடிமருந்தில் உரசினால் போதும், ரூமில் இருக்கிற எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் தெவசம். நமக்கெல்லாம் உள்ளங்கால்தான் காவல்காரன். ஒரு பொடிக்கல் ஒட்டியிருந்தாலும் கால் சொல்லிவிடும், வெளியே போய்த் தட்டிவிட்டு வருவோம். உனக்குத் தெரியாததா?

அன்றைக்குப் பொழுது ஏறின பிறகு, அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாய் மினுங்குகிற ரப்பர் ஷீட்டில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ கிடந்தது. நம்ம செல்விதான் முதலில் பார்த்தாள். உன் இடத்தில் இப்போது அவள்தான் உட்காருகிறாள், கைப்பிள்ளைக்காரி.

“ஏ, இதாரு ரத்தம்?” என்றாள்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? “எவளோ புதுப்பொண்ணு மருதாணி காயுறதுக்குள்ள ஓடி வந்துட்டா. தூக்குங்கடி காலை, பாப்போம். மாப்பிள்ளை பேரு எழுதியிருக்கான்னு பாக்கணும்” என்றேன்.

ஒருத்தி விடாமல் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிக் காட்டினார்கள். சத்தம் கேட்டு போர்மேன் தம்பி வந்து நின்றான். “என்னக்கா, சீசன் நேரத்துல கூத்தடிக்கீக?” என்றான். நான் அவன் காலையும் காட்டச் சொன்னேன். அதற்கும் ஒரு சிரிப்பு. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, ஒங்க காலுதான்” என்றாள்.

வலது உள்ளங்காலில் ஒரு கருவேல முள், முழுசாக உள்ளே போய் ஒடிந்திருந்தது. அதைச் சுற்றி ஈரமண் அப்பியிருந்தது, மதினி. மண். கழுவிவிட்டதாக நினைத்து அந்த மண்ணோடுதான் காலையிலிருந்து அந்த ரூமில் குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறேன்.

போர்மேன் நல்ல பையன். “வேலை மும்முரத்துல கவனிக்கலையாக்கா?” என்று அவனே பதிலையும் எடுத்துக் கையில் கொடுத்தான். ‘ஆமா தம்பி’ என்றால் முடிந்தது. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அவனுக்கும் ஆள் வேண்டும். ஒரு துணியைக் கட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்திருப்பேன். என் கையில் வேலை, கூடப் பேச ஆள், காலையில் வேன். எல்லாம் அப்படியே இருந்திருக்கும்.

அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். கடைசி வருஷம் ரூமுக்குள் வரும்போது தரையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து வருவாயே. “என்ன மதினி, மணவறைக்குப் போறீகளோ, இம்புட்டுப் பைய வாறீக?” என்று கேட்டேன். நீயும் தலையைக் குனிந்து புதுப்பெண் மாதிரியே நடந்து காட்டினாய். ரூமே சிரித்தது. காலுக்குத் தெரியாததைக் கண்ணை வைத்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது. நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் மதினி. உன் காலில் எது குத்தியதோ, எப்போது குத்தியதோ, உனக்கே தெரியவில்லை. சரி. ஆனால் கால் மரத்தது உனக்குத் தெரியும். அதை மறைத்துக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாய். புண்ணிலிருந்து வாடை வந்த பிறகு விருதுநகருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோய், காலை எடுத்தாலும் உயிர் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். வேலை போய்விடும் என்றுதானே மறைத்தாய்? இப்போது வேலை இருக்கிறதா உனக்கு?

போர்மேனிடம் சொல்லிவிட்டேன். “கவனிக்காம இல்ல தம்பி. காலு தெரியல. ரொம்ப நாளாவே தெரியல.”

செல்வி தன் திரித் தட்டை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகச் செய்தது. முள் குத்தினபோது தெரியாத வலி அப்போது தெரிந்தது.

“வீட்ல இருங்கக்கா. சீசன் முடியட்டும், மொதலாளிகிட்ட பேசிப் பாக்கேன்” என்றான் போர்மேன். சீசன் முடிந்து அடுத்த சீசனும் தொடங்கியாயிற்று. முன்பெல்லாம் வீட்டு வாசலில் நின்று ஆரன் அடிக்கிற வேன், இப்போது வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. நான் வீட்டில் பட்டாசுப் பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன். அதே சம்மணம், அதே குனிவு. வெடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன்தான் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர், “கண்ணை மூடிக்கோங்கம்மா, பாதத்துல தொடுவேன், தொட்டதும் சொல்லுங்க” என்றார். மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று. “தொடுங்க டாக்டரு, வெக்கப்படாதீக” என்றேன்.

“தொட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்” என்றார்.

கண்ணைத் திறந்தால் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

முதுகுத் தண்டில் எலும்பு தேய்ந்து நரம்பை அமுக்குகிறதாம். போதாததற்குச் சர்க்கரை வேறு நரம்பைத் தின்கிறதாம். தரையில் உட்காரக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். இந்த மூன்றையும் விட்டால் நம் ஊரில் பொம்பளைக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு போடணுமாம். தினமும் உள்ளங்காலைப் பார்க்கணுமாம்.

பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது? குனிந்தால் இடுப்பு விடாது. காலைத் தூக்கி மடியில் வைத்தால் தொடை வரைக்கும் மின்சாரம் அடிக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் போட்டுக் காலைக் காட்டிப் பார்த்தேன். விட்டத்தில் இருந்த பல்லி ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் வெளியூரில். நாலு வீட்டுக் கதையையும் பார்க்கிற எனக்கு, என் உள்ளங்காலைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்போனில் லைட்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“காலைக் காட்டு தாயி.”

“என்னண்ணே இது, தங்கச்சி காலை அண்ணன் பிடிக்கவா? மொறை கெட்டுப் போகும்.”

“மொறை கெடக்கு. காட்டு.”

உன் புருஷன் கண்ணைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். பிரஸ்ஸில் இத்தனை காலமும் அவருக்கு அதுதானே வேலை. காலண்டர் தாளில் சாமி படத்தின் மூக்கில் ஒரு புள்ளி மை தப்பி விழுந்திருந்தாலும் எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவார். அந்தக் கண்ணால் என் விரல் இடுக்கெல்லாம் பார்த்தார். இதே கண்தானே உன்னோடும் ஒரே கூரைக்குள் இருந்தது. கேட்டுவிட்டேன்.

“அண்ணே, மதினி காலை ஒருநாளாச்சும் பாத்தீகளா?”

லைட் என் காலைவிட்டு நகர்ந்து சுவரில் போய் ஆடியது.

“அவ காட்டலையே பேச்சி.”

“நீங்க கேக்கலையே.”

லைட்டை அணைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். இனி வர மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இன்று வரைக்கும் வருகிறார். உனக்குப் பார்க்காத கண்ணு எனக்குப் பார்க்கிறது. இதற்கு நான் சந்தோஷப்படவா, அவரை வையவா? நீயே சொல்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்குப் போனோம். நோவு தீர, நோவுகிற உறுப்பு மாதிரித் தகட்டில் செய்த உரு ஒன்றை வாசல் கடையில் வாங்கி உண்டியலில் போடலாம் என்று, “இடுப்பு இருக்காய்யா?” என்று கேட்டேன்.

“இடுப்பு தனியா வராதும்மா. கண்ணு இருக்கு, கையி இருக்கு, காலு இருக்கு. வேணும்னா முழு ஆளா வாங்கிக்கோங்க.”

“முழு ஆளுக்கு எதுக்குய்யா? வாய் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

ஆத்தாளுக்குக்கூட இடுப்பு வலி கணக்கில் வரவில்லை பார். சரி, கால் போதும் என்றேன். அண்ணன் இரண்டு கால் உரு வாங்கினார். ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். “அவளுக்கு” என்றார்.

“செத்துப்போனவளுக்கு இப்ப எதுக்கண்ணே காலு?”

இரண்டையும் உண்டியலில் போட்டுவிட்டு உண்டியலையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அந்தக் கால் உன்னிடம் வந்து சேர்ந்ததா?

நோட்டீஸில் ‘பாசமிகு’ வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறேன். உன் பேரை மட்டும் பெரிசாகப் போடட்டும். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். அண்ணனுக்குக் கண்ணுள்ள காலம் வரைக்கும், அவர் கேட்கட்டும், கேட்காமல் போகட்டும், நானே காலை நீட்டிக் காட்டுவேன். வலித்தால் வலிக்கிறது என்று சிரிக்காமல் சொல்லிப் பழகுவேன். இதில் இரண்டாவதுதான் கஷ்டம். பெல்ட்டைத் திருப்பித் தருவதாக மட்டும் என்னிடம் வாக்கு கேட்காதே.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. டாக்டர் சொன்னதற்காக எனக்கு ரப்பர் செருப்பு வாங்கியபோது அண்ணனும் அதே நீலத்தில் தனக்கு ஒரு ஜோடி வாங்கியிருந்தார். அன்று கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினதுமே, “வெயில்ல கெடந்து செருப்பு சுருங்கிருச்சு பேச்சி, குதிகாலு வெளிய நிக்குது” என்றார். சாத்தூரில் பஸ் மாறும்போதும் அதையே சொன்னார். வீட்டுக்கு வந்து, லைட்டைப் போட்டு, என் காலை நன்றாகப் பார்த்துவிட்டு, புண் ஒன்றும் இல்லை என்றார். பிறகு செருப்பைப் பார்த்தார். என் வலது காலில் இருந்தது அவருடைய பெரிய செருப்பு. அவருடைய வலது காலில் இருந்தது என்னுடையது. இடது கால் சரியாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை என்றார். மாற்றிக்கொண்டோம்.

உன் பெல்ட்டுக்குள் அடங்காத,
உன் நாத்தனார்
பேச்சியம்மாள்